அறிவியல் எந்தப் பிள்ளைக்கும் அந்நியமன்று

 

பிள்ளைகளின் கல்வி குறித்து இப்பகுதியில் தொடர்ந்து பேசி வருகிறோம். நம் பேச்சில் அதிகம் இடம்பெறாத பிள்ளைகள் சிலர் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். பார்வையற்ற பிள்ளை, செவி கேளாத பிள்ளை, பாடம் மெதுவாகவே மனத்தில் பதியும் பிள்ளை, கைகால்கள் சொன்னபடி கேளாத பிள்ளை என இவர்களுக்கு ஓதக் கற்றுக் கொடுக்கிறோம். எழுதப் படிக்கவும் ஓரளவு முயல்கிறோம். ஆனால் அறிவியல் என்ற பேச்சு எழுந்தவுடன், "பாவம், அதற்கெதற்கு விஞ்ஞானமெல்லாம்?" என்று கூறி நூலை மூடிவிடுகிறோம்.

இந்தப் 'பாவம்' என்னும் சொல் இரக்கத்திலிருந்துதான் பிறக்கிறது. எனினும் அந்த இரக்கம் பிள்ளைக்கு என்ன செய்கிறது என்பதை நின்று நிதானித்துப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டின் மத்தியப் பாடத்திட்ட விதிகள் பார்வையற்ற மாணவர்கள் அறிவியலையும் கணிதத்தையும் விட்டு, இசை போன்ற வேறு பாடங்களை எடுத்துக்கொள்ள இடமளிக்கின்றன. இது சலுகை என்ற பெயரில் தரப்படுகிறது. பள்ளியும் எளிதாக மூச்சு விடுகிறது. பெற்றோரும் நிம்மதி அடைகின்றனர். ஆனால் அறிவியலைப் பத்தாம் வகுப்புக்கு முன்பே விட்ட பிள்ளை, பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவை நாட முடியாது. அதன் வழியே செல்லும் பட்டப்படிப்புகளும் பணிகளும் அப்பிள்ளைக்கு இல்லை என்றாகிவிடுகின்றன. பதின்மூன்று, பதினான்கு வயதில் வாப்பா போடும் ஒரு கையெழுத்து, பிள்ளையின் நாற்பது ஆண்டு வாழ்க்கையைத் தீர்மானித்து விடுகிறது. அந்தக் கையெழுத்தைப் போடுமுன் சில செய்திகளை அறிந்துகொள்வது நல்லது.

மார்க்கம் தந்த விலக்கு எது?

கல்வி தேடுவதை முஸ்லிம்கள் யாவர் மீதும் கடமையாக்கிய நபிமொழியை நாம் மேடைதோறும் கேட்கிறோம். அதில் பார்வையுள்ளவருக்கு மட்டும் என்றோ, செவிப்புலன் உள்ளவருக்கு மட்டும் என்றோ நிபந்தனை ஏதுமில்லை. திருமறையின் 48ஆம் அத்தியாயம் பார்வையற்றவர் மீதும், கால் ஊனமுற்றவர் மீதும், நோயாளி மீதும் குற்றமில்லை என்று கூறுவது போருக்குச் செல்லாமலிருப்பது குறித்துத்தான். களத்திலிருந்து விலக்கு உண்டு. கல்வியிலிருந்து விலக்கு அளிக்கப்படவில்லை.

80ஆம் அத்தியாயமான 'அபஸ' இறங்கிய பின்னணியை நீங்கள் அறிவீர்கள். குறைஷித் தலைவர்களோடு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பேசிக்கொண்டிருந்த வேளையில், கற்றுக்கொள்ளும் ஆவலுடன் வந்தவர் பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள். கற்க வந்தவரின் ஆவலுக்கு உரிய மதிப்பை அந்த அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் உலகம் உள்ளளவும் உணர்த்திக்கொண்டிருக்கும்.

அதே தோழர் பின்னாளில் மதீனாவில் முஅத்தினாக விளங்கினார். அண்ணலார் (ஸல்) அவர்கள் பயணம் மேற்கொண்ட காலங்களில் மதீனாவில் அவர்களின் பிரதிநிதியாகவும் நியமிக்கப்பட்டார். ரமளானில் பிலால் (ரலி) அவர்களின் பாங்கு இரவிலேயே ஒலிக்கும்; இப்னு உம்மி மக்தூமின் பாங்கு கேட்கும் வரை உண்ணலாம், பருகலாம் என்பது ஏற்பாடு. வைகறை புலர்ந்துவிட்டது என்று பிறர் சொன்ன பின்னரே அவர் பாங்கு சொல்வார்.

வைகறையின் வெண்கோட்டைக் கண்ணால் கண்டவர் வேறொருவர். அதைக் கேட்டு ஊருக்கு அறிவித்தவர் பார்வையற்றவர். ஓர் ஊரின் நோன்பே அந்தக் கூட்டு முயற்சியின் மேல் நின்றது. "கண் தெரியாத பிள்ளை சோதனைக்கூடத்தில் என்ன செய்யும்?" என்று கேட்போருக்கு இதில் தெளிவான பதில் இருக்கிறது. நிறம் மாறியதைப் பக்கத்து மாணவர் சொல்லலாம். ஏன் மாறியது என்று சிந்திப்பதும், முடிவு கூறுவதும் இந்தப் பிள்ளையின் வேலையாக இருக்கலாம்.

நம் முன்னோர் இதில் பின்தங்கியிருக்கவில்லை. 14ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த ஸைனுத்தீன் அல்ஆமிதீ என்ற பார்வையற்ற அறிஞர் நூல் வாணிகமும் செய்து வந்தார். மெல்லிய காகிதத்தைத் திரித்து, எழுத்து வடிவில் வளைத்து, நூலின் அட்டையில் ஒட்டி வைத்து, விரலால் தடவியே அந்நூலின் விலையை அறிந்தார் என்று, பார்வையற்ற சான்றோரின் வரலாறுகளைத் தொகுத்த அஸ்ஸஃபதீ எழுதியுள்ளார். ஸஃபதீ 1363இல் மறைந்தவர். ஆறு புள்ளி எழுத்தைத் தந்த பிரான்சு நாட்டு லூயி பிரெய்ல் பிறந்ததோ 1809இல்.

விரல் நுனியில் ஒரு விஞ்ஞானம்

அறிவியல் என்றால் கரும்பலகையும் படங்களும் வண்ணத் திரவங்களும் என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். உண்மையில் கவனித்தல், கேள்வி எழுப்புதல், சோதித்தல், முடிவு காணல் ஆகிய நான்கும்தான் அறிவியல். கவனிப்பதற்கு இறைவன் ஐம்புலன்களைத் தந்திருக்கிறான். அவற்றுள் ஒன்று இல்லையென்றால் மற்ற நான்கும் எஞ்சியிருக்கின்றன.

கீரத் வெர்மெய் என்பவர் 1946இல் நெதர்லாந்தில் பிறந்தார். மூன்று வயதிலேயே பார்வையை முற்றிலும் இழந்தார். 1955இல் குடும்பம் அமெரிக்காவில் குடியேறியது. அங்கே நான்காம் வகுப்பு ஆசிரியை, தாம் புளோரிடாக் கடற்கரையிலிருந்து கொண்டுவந்த சிப்பிகளை வகுப்பறைச் சன்னல் திண்ணையில் அடுக்கி வைத்தார். சிறுவன் அவற்றைத் தடவிப் பார்த்தான். குளிர்நாட்டுக் கடற்கரையில் தான் தொட்டிருந்த சொரசொரப்பான, சுண்ணாம்பு போன்ற சிப்பிகளுக்கும் வெப்பக் கடலின் வழவழப்பான, வேலைப்பாடு மிகுந்த சிப்பிகளுக்கும் ஏன் இந்த வேறுபாடு என்ற கேள்வி அவன் மனத்தில் எழுந்தது.

அந்தக் கேள்விதான் அவரை உயிரியல் அறிஞராக்கியது. யேல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராகச் சேர வந்தபோது, பார்வையற்றவர் இத்துறையில் என்ன செய்ய முடியும் என்ற ஐயம் அங்கிருந்தவருக்கு இருந்தது. அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்று ஒரு சிப்பியைக் கையில் கொடுத்தார்கள். தடவிப் பார்த்து இனப்பெயரைச் சொன்னார். மற்றொன்றைக் கொடுத்தார்கள், அதையும் சொன்னார். ஐயம் அகன்றது. 1971இல் அவர் முனைவர் பட்டம் பெற்றார். நண்டுகள் ஓட்டை உடைக்க முயன்ற வடுக்களையும், நத்தை அதைச் சரிசெய்துகொண்ட தழும்புகளையும் விரலால் கண்டறிந்து, வேட்டையாடும் உயிரும் தற்காத்துக்கொள்ளும் உயிரும் காலங்காலமாக ஒன்றையொன்று எவ்வாறு மாற்றி வந்துள்ளன என்று விளக்கினார்.

கீழக்கரைப் பக்கம் உள்ள வாசகர்களுக்கு இதில் வியப்பு குறைவாகவே இருக்கும். சங்கு குளித்தலும் சங்கு வாணிகமும் தலைமுறை தலைமுறையாக அறிந்த மன்னார் வளைகுடாக் கரை அது. அக்கரையிலுள்ள பார்வையற்ற பிள்ளையின் கையில் ஒரு சங்கைக் கொடுத்து, "இதன் வாய் எந்தப் பக்கம்? சுருள் எந்தப் பக்கம் திரும்புகிறது?" என்று கேட்பதற்கு ஒரு காசும் செலவில்லை.

பார்வையற்ற பிள்ளைக்குக் கற்பிப்பது எப்படி?

அமெரிக்காவில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரன்ஸ் அறிவியல் கூடம், 1970களின் பிற்பகுதியில் பார்வையற்ற மாணவருக்கென்றே அறிவியல் செயல்பாடுகளை உருவாக்கியது. அதில் கையாண்ட முறைகள் எளியவை. ஊசி இல்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சின் தண்டில் குறிப்பிட்ட அளவுகளில் சிறு வெட்டுகள் போட்டுவிட்டால், விரலால் அறிந்தே பிள்ளை நீரை அளந்துவிடும். மருந்துக் கடையில் கிடைக்கும் சிரிஞ்சைக் கொண்டு நாமும் இதைச் செய்யலாம்.

வீட்டிலேயே செய்யத்தக்க மற்றொன்றைச் சொல்கிறேன். பச்சைப்பயற்றை மூன்று தட்டுகளில் போடுங்கள். ஒன்று உலர்ந்தது, மற்றொன்றில் ஈரத்துணி, மூன்றாவதில் பயறு முழுவதும் மூழ்கும் அளவு நீர். பிள்ளை நாள்தோறும் தொட்டுப் பார்க்கட்டும். ஈரத்துணியில் வேர் வெளிவந்ததும், அதன் நீளத்துக்கு ஒரு நூலை வெட்டி அட்டையில் ஒட்டச் சொல்லுங்கள். மறுநாள் அன்றைய நீளத்துக்கு மற்றொரு நூல், அதன் பக்கத்திலேயே. ஐந்தாறு நாள்களில் அந்த அட்டை, விரலால் படிக்கக்கூடிய ஒரு வளர்ச்சி வரைபடமாகிவிடும். வரைபடம் என்றால் என்ன என்பதைக் கண்ணுள்ள பிள்ளைகளுக்கே இவ்வளவு தெளிவாக நாம் கற்பிப்பதில்லை.

அமிலம், காரம் பற்றிய பாடத்தில் லிட்மஸ் தாளின் நிறமாற்றத்தையே எல்லாரும் நினைக்கிறார்கள். ஆனால் தேசியக் கல்வி ஆராய்ச்சிக் குழுமத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலேயே மணத்தால் அறியும் சோதனை இடம்பெற்றது. நறுக்கிய வெங்காயத்தோடு வைத்திருந்த துணித்துண்டில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை இட்டால் வெங்காய மணம் மறைந்துவிடும். நீர்த்த அமிலத்தை இட்டால் மணம் மாறாது. ஆசிரியரின் மேற்பார்வையில் பார்வையற்ற மாணவர் தம் மூக்கால் முடிவு கூறத்தக்க சோதனை இது.

கணக்குக்கு, எண்கோணத் துளைகள் கொண்ட 'டெய்லர் சட்டம்' நம் நாட்டுப் பார்வையற்றோர் பள்ளிகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. பிரெய்லில் கணிதக் குறியீடுகளை எழுதும் முறை ஒன்றை 1952இல் வெளியிட்ட ஆபிரகாம் நெமத் என்பவரே பார்வையற்ற கணிதப் பேராசிரியர்தாம். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெய்ல் 1951 முதல் வழக்கில் உள்ளது.

பிறை காண இயலாத பிள்ளைக்கும் பிறை

நம் வீடுகளில் பிறை பற்றிப் பேசாத மாதமில்லை. ஷஅபான் இருபத்தொன்பதாம் நாள் மாலையில் எல்லாரும் மாடிக்கு ஏறும்போது, பார்வையற்ற பிள்ளை கீழே அமர்ந்திருக்கும். அப்பிள்ளைக்குப் பிறையை ஒரு பந்தைக் கொண்டு புரியவைக்கலாம்.

ரப்பர் பந்து ஒன்றின் பாதிப்பரப்பில் உப்புத்தாளை ஒட்டிவிடுங்கள். மறுபாதி வழவழப்பாகவே இருக்கட்டும். பந்தில் ஒரு குச்சியைச் செருகுங்கள். அறையின் ஒரு சுவர்தான் கதிரவன் என்று வைத்துக்கொள்வோம். சொரசொரப்பான பாதி, ஒளிபடும் பாதி. அது எப்போதும் அந்தச் சுவரையே நோக்கியிருக்க வேண்டும். பிள்ளையே பூமி. பந்தைக் கைநீட்டிப் பிடித்தபடி பிள்ளை நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்ற வேண்டும்.

சுவரை நோக்கி நிற்கும்போது, தன் முகத்தை நோக்கிய பக்கத்தைப் பிள்ளை மறுகையால் தடவினால் அது முழுதும் வழவழப்பு; அதுவே அமாவாசை. சற்றே திரும்பினால் ஓரத்தில் மெல்லிய கீற்றாகச் சொரசொரப்புத் தட்டுப்படும்; அதுவே தலைப்பிறை. கால்வட்டம் திரும்பினால் பாதி சொரசொரப்பு, பாதி வழவழப்பு. அரைவட்டம் திரும்பிச் சுவருக்கு முதுகைக் காட்டி நின்றால், தன்னை நோக்கிய பக்கம் முழுதும் சொரசொரப்பு, அதுவே பௌர்ணமி. இந்தச் சுற்று முழுமையடைய ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள்கள் ஆகின்றன என்றும், அதனால்தான் நம் மாதம் சில வேளை 29ஆகவும் சில வேளை 30ஆகவும் அமைகிறது என்றும் சொல்லுங்கள். மாடியில் நிற்கும் கண்ணுள்ள பிள்ளைகளிடம் இக்காரணத்தைக் கேட்டால், பலருக்கும் தெரியாது. கீழே இருந்த பிள்ளை அவர்களுக்கு விளக்கட்டும்.

செவி கேளாத பிள்ளைக்கு

'ராஸுல் ஃகூல்' என்று அரபு வானியலார் பெயரிட்ட விண்மீன் ஒன்றுண்டு. பூதத்தின் தலை என்பது அதன் பொருள். 'அல்கோல்' என்று ஐரோப்பியர் இன்றும் அழைப்பது அந்த அரபுப் பெயரின் திரிபே. அது குறித்த கால இடைவெளியில் மங்கி, மீண்டும் ஒளிர்வதை ஆராய்ந்து, ஒரு சுற்றுக்கு 2 நாள் 20 மணி 49 நிமிடம் ஆகிறது என்று கணித்தவர் ஜான் குட்ரிக். இங்கிலாந்தின் யார்க் நகரில் வாழ்ந்த இவ்விளைஞர் சிறுவயதிலேயே செவிப்புலனை இழந்தவர். ஒளி குறைந்த வேறொரு கோளம் அதன் குறுக்கே வருவதால் இவ்வாறு நிகழலாம் என்றும் கூறினார். 1783இல் இலண்டன் ராயல் சொசைட்டி கோப்ளி பதக்கம் அளித்தபோது அவருக்கு வயது பத்தொன்பது. 1786இல், இருபத்தோராம் வயதில், மறைந்தார். கேளாதோருக்கென அமைந்த பள்ளியில் தொடக்கத்தில் பயின்றதும், பின்னர் பொதுக் கல்விக்கூடத்தில் கணிதம் பயின்றதும் அவருக்கு அடித்தளமாயின.

செவி கேளாத பிள்ளைக்கு அறிவியலில் உள்ள தடை அறிவன்று, மொழியே. கேட்கும் பிள்ளைக்கு 'ஆவியாதல்', 'கரைதல்' போன்ற சொற்கள் பள்ளிக்கு வருமுன்னரே அடுப்பங்கரைப் பேச்சில் காதில் விழுந்திருக்கும். கேளாத பிள்ளை அச்சொல்லைப் பாடநூலில்தான் முதன்முதலாகச் சந்திக்கிறது. ஆகவே முதலில் பொருளைக் காட்டுங்கள், செய்துகாட்டுங்கள். அதன் பின்னரே சொல்லையும் சைகையையும் கொடுங்கள்.

மற்றொரு நுட்பமும் உண்டு. அப்பிள்ளைக்குக் கண்தான் காதும்கூட. கொதிக்கும் நீரையும் உங்கள் சைகையையும் அது ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. செய்து காட்டிவிட்டு, நிறுத்தி, பிள்ளை உங்களைப் பார்த்த பின்னரே விளக்குங்கள். கரும்பலகையைப் பார்த்தபடி பேசாதீர்கள். உங்கள் முகத்தில் வெளிச்சம் விழட்டும். பெண்பிள்ளைகளுக்கெனத் தனியே நடக்கும் நம் பள்ளிகளில், ஆசிரியை முகத்திரையை விலக்கிப் பாடம் நடத்துவது இப்பிள்ளைக்குப் பெரிய உதவி. உதட்டசைவும் முகக்குறிப்பும் அதற்குப் பாடத்தின் ஒரு பகுதி.

ஒலி பற்றிய பாடத்தைக்கூட விட்டுவிட வேண்டியதில்லை. ஊதிய பலூனை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஒலிபெருக்கியின் அருகே நின்றால் அதிர்வு கையில் தெரியும். தப்ஸின் தோல்மீது சிறிதளவு உப்பைத் தூவித் தட்டினால், துகள்கள் குதிப்பதைக் கண்ணால் காணலாம். ஒலி என்பது அதிர்வே என்பதைக் காதால் கேட்பவரைவிட இப்பிள்ளை நன்றாக உணரக்கூடும். மத்திய அரசின் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2021இல் வெளியிட்ட அகராதியின் மூன்றாம் பதிப்பு 10,000 சொற்களைக் கொண்டது. கல்விச் சொற்களும் அதில் உள்ளன. ஆசிரியர்களும் உம்மாமார்களும் அதைப் பயன்படுத்தலாம்.

மெதுவாகக் கற்கும் பிள்ளைக்கு

அறிவுவளர்ச்சி குன்றிய பிள்ளைக்கு அறிவியல் எதற்கு என்று கேட்கும் பெற்றோரே அதிகம். மற்றப் பிள்ளைகளைவிட அப்பிள்ளைக்குத்தான் அது முதலில் தேவை என்று நான் சொல்வேன். எந்தப் பொருள் சுடும், எந்தக் கம்பியைத் தொடக்கூடாது, கெட்டுப்போன உணவின் மணம் எப்படியிருக்கும், மாத்திரையை ஏன் தானாக எடுத்து விழுங்கக்கூடாது என்பவை அனைத்தும் அறிவியல் பாடங்களே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உடல் உறுப்புகளின் பெயர்கள், பருவமடைதலின்போது உடலில் நிகழும் மாற்றங்கள், பிறர் தொடக்கூடாத இடங்கள் ஆகியவற்றை இப்பிள்ளைகளுக்கு நாம் கற்பிப்பதேயில்லை. பெண்பிள்ளையானால் வாயே திறப்பதில்லை. தனக்கு நேர்ந்த தீங்கைச் சொல்லச் சொற்கூட இல்லாத பிள்ளைதான் தீயவர்களுக்கு எளிதாக இரையாகிறது. உம்மா, நன்னி, லாத்தா என வீட்டுப் பெண்களே பொம்மையையோ படத்தையோ வைத்து, தெளிவான சொற்களில், பலமுறை சொல்லிக் கொடுக்க வேண்டும். இது வெட்கத்துக்குரிய பேச்சன்று. மார்க்கத்தில் சுத்தம் பற்றியும் குளிப்பின் கடமை பற்றியும் மறைக்காமல் கற்பிக்கப்படுவதை நினைத்துப் பாருங்கள்.

கற்பிக்கும் முறை இதுதான். ஒரு வேளைக்கு ஒரே கருத்து. பாடத்தைச் சிறுசிறு படிகளாகப் பிரித்தல். முதலில் மெய்ப்பொருள், அடுத்துப் படம், அதன் பின்னரே சொல். 'நீர் ஆவியாதல்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவு நீரை இரு தட்டுகளில் ஊற்றி, ஒன்றை வெயிலிலும் மற்றொன்றை நிழலிலும் வைக்கச் செய்யுங்கள். "எதில் தண்ணீர் குறைந்தது?" என்று கேட்டு விரலால் சுட்டிக்காட்டச் சொல்லுங்கள். மறுநாள் நனைந்த கைக்குட்டையைக் கொண்டு அதையே செய்யுங்கள். அடுத்த நாள் உலர்த்திய துணியை எடுக்கப் பிள்ளையையும் மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். இடம் மாறியும் பிள்ளை சரியாகச் சொன்னால்தான் பாடம் பதிந்தது என்று பொருள்.

எழுத்துகள் குழம்பும் கற்றல் குறைபாடுடைய பிள்ளைகளின் நிலை வேறு. அவர்களின் அறிவில் குறையேதும் இல்லை, வாசிப்பதே கடினம். பாடத்தை உரக்க வாசித்துக் காட்டுங்கள்; விடையை வாய்மொழியாகக் கேளுங்கள். புற உலகின் ஓசையும் மணமும் மிகையாகத் தாக்கும் ஆட்டிசம் நிலைப் பிள்ளையிடம், இன்று என்ன சோதனை, எவ்வளவு நேரம், எப்படி மணக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூளை முடக்குவாதத்தால் கை நடுங்கும் பிள்ளைக்குக் கண்ணாடிக் குவளைக்குப் பதில் பிளாஸ்டிக் குவளையும், தடித்த கைப்பிடியும், பக்கத்தில் ஒரு தோழனும் போதும். தோழன் கையாகட்டும், என்ன செய்ய வேண்டும் என்று கட்டளையிடுவது பிள்ளையாகவே இருக்கட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1995ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமையாகும். அருகிலுள்ள பொதுப்பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் உண்டு. அரசின் உயர்கல்வி நிலையங்களிலும், அரசு உதவிபெறும் உயர்கல்வி நிலையங்களிலும் குறைந்தது 5 விழுக்காடு இடங்கள் இவர்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும். தேர்வில் எழுத்தர் உதவி பெறலாம். 2018இல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகள், ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் வழங்கக் கூறின. இவற்றைப் பெற மருத்துவச் சான்றும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் தேவை. மணப்பேச்சுக்கு இடையூறாகுமோ என்றஞ்சிச் சான்று வாங்காமல் பிள்ளையை மறைத்து வைக்கும் குடும்பம், அப்பிள்ளையின் உரிமைகளையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது.

உரிமை ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது, கேட்க வேண்டும். தில்லியைச் சேர்ந்த பார்வையற்ற மாணவர் கார்த்திக் சாஹ்னி, பத்தாம் வகுப்புக்குப் பின் அறிவியல் பிரிவு வேண்டும் என்று கேட்டபோது முதலில் மறுக்கப்பட்டார். விடாமல் முயன்று அனுமதி பெற்றார். 2013இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 96 விழுக்காடு மதிப்பெண் பெற்று, அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துக்கு முழு உதவித்தொகையுடன் சென்று கணினி அறிவியல் பயின்றார். அவர் வீட்டார் 'பாவம்' என்று சொல்லிக் கையெழுத்திட்டிருந்தால் இது நடந்திராது.

நாம் செய்யக்கூடியவை

பெற்றோர்களே! பள்ளிக்குச் சென்று இந்தக் கேள்விகளைப் பணிவுடனும் உறுதியுடனும் கேளுங்கள்: என் பிள்ளை அறிவியல் வகுப்பில் அமர்கிறதா, அல்லது அந்த நேரத்தில் வெளியே அனுப்பப்படுகிறதா? சோதனையைத் தன் கையால் செய்கிறதா, அல்லது பார்வையாளராக நிற்கிறதா? சிறப்பு ஆசிரியர் எந்த நாளில் வருகிறார்? படங்களைத் தொட்டறிய என்ன ஏற்பாடு? பாடத்தை மாற்றச் சொன்னால், அதனால் பின்னர் எந்தப் படிப்புகள் கைநழுவும் என்று எழுதித் தருவீர்களா? கடைசிக் கேள்விக்கு விடை கிடைக்கும் வரை எதிலும் கையெழுத்திடாதீர்கள்.

மஹல்லா ஜமாஅத் நிர்வாகிகளே! பைத்துல்மால் நிதியிலிருந்து திருமண உதவியும் மருத்துவ உதவியும் வழங்குகிறீர்கள், அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. மஹல்லாவில் இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கணக்கையும் எடுங்கள். பிரெய்ல் பலகை, கேட்புக் கருவிக்கான பேட்டரி, சிறப்பு ஆசிரியருக்கான ஊதியத்தில் ஒரு பங்கு என்பவை ஜமாஅத்தால் இயலாதவையல்ல. மாலை மத்ரஸாவில் இப்பிள்ளைகளையும் மற்றப் பிள்ளைகளோடு அமர்த்துங்கள். கிப்லா எந்தத் திசை, நம் ஊரிலிருந்து அது மேற்குக்குச் சற்று வடக்காக ஏன் அமைகிறது, நிழல் எப்போது மிகக் குறுகும் என்று கேளுங்கள். தொழுகை நேரத்தோடு அறிவியலும் அங்கே வந்துவிடும்.

வெளிநாட்டில் பணிபுரியும் சகோதரர்களே! அடுத்த விடுமுறையில் இந்தப் பிள்ளைக்கு மட்டும் மிட்டாய்ப் பெட்டியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பேசும் வெப்பமானி, பேசும் கைக்கடிகாரம், ஒரு காந்தம், ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி என எது பொருந்துமோ அதை வாங்கி வாருங்கள். வந்த பின் பக்கத்தில் அமர்ந்து, அது கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். பதில் தெரியாவிட்டால், "வா, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள்.

எல்லாப் பிள்ளையும் வெர்மெய் ஆகாது; குட்ரிக் ஆகாது. கண்ணுள்ள, காதுள்ள பிள்ளைகள் அனைவரும் அறிஞர்களாகி விட்டார்களா என்ன? ஆயினும் அவர்கள் எவரையும் அறிவியல் வகுப்பிலிருந்து நாம் எழுப்பி அனுப்பவில்லை. மழை ஏன் பெய்கிறது, விதை எப்படி முளைக்கிறது, தன் உடல் எப்படி இயங்குகிறது என்று அறிந்துகொள்வது, படைத்தவனின் அத்தாட்சிகளைச் சிந்திக்கச் சொல்லும் திருமறையின் அழைப்புக்குப் பதிலளிப்பதாகும். அந்த அழைப்பு உங்கள் வீட்டு மூலையில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கும் வந்திருக்கிறது.

இன்று அஸர் தொழுத பின் ஒரு பிடி பச்சைப்பயற்றை நனைத்து, அப்பிள்ளையின் கையில் கொடுங்கள். நாளை முதல் அது உங்களிடம் கேள்வி கேட்கத் தொடங்கும், இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகள் அனைவருக்கும் பயன்தரும் கல்வியை அல்லாஹ் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.